லெஜிஸ்லேட் என்றால் சட்டம் இயற்றுவது மட்டும்தானா?

வாய்க்கால்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம் பின்னேரங்களில் ஓ.எல். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இடையிடையே யாராவது கேட்டால் கடிதம், அறிக்கை என்று சின்னச் சின்ன மொழிபெயர்ப்பும் செய்வேன். முறையாகப் படித்த மொழிபெயர்ப்பாளர் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். இந்தக் கிழமை ஒரே சொல்லில் இரண்டு தரம் இடறி விழுந்துவிட்டேன். லெஜிஸ்லேட் என்கிற சொல்.

முதல் இடறல் எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு வந்த ஒரு ஆங்கில அறிக்கையில். பாராளுமன்றம் ஒரு விடயத்தில் லெஜிஸ்லேட் பண்ணியது, அது சட்டமாக எனாக்ட் ஆனது, ஆனால் இன்னும் இம்ப்ளிமென்ட் ஆகவில்லை என்று ஒரே வசனத்தில் மூன்று வினைச்சொல். இரவு பதினொரு மணி, அடுத்த நாள் காலை கூட்டம், கரண்டும் போய்ப் போய் வருகிறது. நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: "பாராளுமன்றம் நிறைவேற்றிய இச்சட்டம் நிறைவேற்றப்பட்ட பின்னரும் இதுவரை நிறைவேற்றப்படவில்லை." சங்கச் செயலாளர் அக்கா அதைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க, பின் வாங்கில் இருந்த ஒரு ஐயா, "தம்பி, நிறைவேற்றினதோ இல்லையோ, அதை முதல் சொல்லும்" என்றார். அதற்குப் பிறகு அறிக்கையில் யாருக்கும் கவனம் இல்லை.

இரண்டாவது இடறல் வேறு மாதிரி. என்னிடம் படிக்கிற பொடியன் ஒருவன் உதைபந்தாட்டப் பைத்தியம், ஃபோனில் இங்கிலாந்து மட்ச் பார்ப்பான். கோல் கீப்பர் பிடிக்கப் போன பந்து நிலத்தில் இருந்த ஏதோ மேட்டில் குத்தி அவர் தோளுக்கு மேலால் உள்ளே போய்விட்டதாம். வர்ணனையாளர், "யூ காண்ட் லெஜிஸ்லேட் ஃபோர் தட்" என்றாராம். "சேர், போன கிழமைதான் லெஜிஸ்லேட் என்றால் சட்டம் இயற்று என்று கொப்பியில் எழுதித் தந்தீர்கள். கோல் விழுந்ததற்கு ஏன் சட்டம்?" என்று கேட்கிறான். நான் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லித் தப்பிவிட்டேன். அந்த நாளை நேற்றோடு முடிந்துவிட்டது. யாராவது விளங்கப்படுத்துங்கள்.

சும்மா ஒருவன்:

அகராதியில் போட்டேன், சட்டமியற்று என்று வந்தது. இதற்கு இவ்வளவு நீளக் கடிதமா?

வாய்க்கால்கரை:

அண்ணை, அப்படியென்றால் அந்த வர்ணனையாளர் "அதற்கு நீங்கள் சட்டமியற்ற முடியாது" என்கிறாரா? கோல் கீப்பர் பாராளுமன்ற உறுப்பினரா? அதுதானே கேள்வியே.

பழைய கந்தோர்:

தம்பி, உம்முடைய "நிறைவேற்றிய நிறைவேற்றப்பட்ட நிறைவேற்றப்படவில்லை" வசனத்தை வாசித்துச் சிரித்தேன், பிறகு யோசித்துப் பார்த்தால் அது முழுக்க உம்முடைய பிழையும் இல்லை. முப்பது வருசத்துக்கு மேல் கந்தோரில் கோவை தூக்கினவன் நான். மும்மொழிச் சுற்றறிக்கைகளில் இதே சிக்கலைப் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் எங்கே என்றால், எங்கள் ஆட்களுடைய தமிழில் நிறைவேற்று என்ற ஒரே சொல் இரண்டு எதிர்ப்பக்க வேலையைச் செய்கிறது. "சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது" என்று பத்திரிகை போடும். அது ஆங்கிலத்தில் பாஸ். அதே பத்திரிகையின் அடுத்த பக்கத்தில் "நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி" என்று இருக்கும், அது எக்ஸெகியூட்டிவ். முன்னையது சட்டம் ஆக்குகிற பக்கம், பின்னையது ஆக்கின சட்டத்தை நடத்துகிற பக்கம். இரண்டையும் பிரித்து வைப்பதற்குத்தான் அரசியலமைப்பு என்று ஒன்றை எழுதுகிறார்கள், நாங்கள் ஒரே சொல்லைக் கொடுத்து இரண்டையும் ஒட்டிவிட்டோம். ஆனால் சொல்லில் குற்றம் இல்லை. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தவன் வைகாசிப் பொங்கலுக்குப் போய் அதை நிறைவேற்றுகிறான். ஏற்கெனவே தொடங்கின ஒன்றை முடித்து வைப்பது, அவ்வளவுதான் அந்தச் சொல்லின் உயிர். சட்டமூலம் தொடங்கின ஒன்று, அதை முடித்தால் பாஸ். சட்டமும் தொடங்கின ஒன்று, அதைச் செய்து முடித்தால் இம்ப்ளிமென்ட். எதை முடிக்கிறோம் என்று சொல்லாமல் விட்டால்தான் பின் வாங்கு ஐயா எழும்புவார்.

ஒரு உண்மைச் சட்டத்தை வைத்துச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் காணி விசயமாக அலைந்தவர்கள் பலருக்குத் தெரிந்தது: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். பாராளுமன்றம் அதை நிறைவேற்றியது 2016 ஜூன் 24. அன்றைக்கே அது சட்டம் என்று நினைத்தால் பிழை. சபாநாயகர் சான்றுரை எழுதிக் கையெழுத்து வைத்தது ஓகஸ்ட் 4, சட்டமாக ஆனது அன்றைக்குத்தான். சரி, ஓகஸ்ட் 5ஆம் திகதி பிரதேச செயலகத்துக்குப் போய் விண்ணப்பம் கொடுத்திருக்கலாமா என்றால் அதுவும் இல்லை. அமுலுக்கு வந்தது 2017 பெப்ரவரி 3. மூன்று திகதி, மூன்று வினை: நிறைவேறியது, சட்டமாகியது, அமுலுக்கு வந்தது. அதற்குப் பிறகு எந்தக் கந்தோரில் யார் எவ்வளவு நாள் இழுத்தடித்தார்கள் என்பது நாலாவது வினை, அதுதான் உம்முடைய அறிக்கையில் வந்த இம்ப்ளிமென்ட். நடைமுறைப்படுத்தல் என்று எழுதும், ஒருவரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

எனாக்ட் என்பதற்குத் தனியாகச் சொல் தேடத் தேவையில்லை. எங்கள் சட்டங்கள் எதையாவது எடுத்துப் பாரும், தொடக்கத்தில் "பாராளுமன்றத்தினால் பின்வருமாறு சட்டமாக்கப்படுவதாகுக" என்று இருக்கும். ஆங்கிலப் பிரதியில் அந்த இடத்தில் "பீ இற் எனாக்டட்". ஆகவே எனாக்ட் என்றால் சட்டமாக்கு. அச்சுத் திணைக்களம் காலம் காலமாக அடித்துத் தருகிற சொல் கையில் இருக்க நாங்கள் ஏன் புதிதாகச் செய்ய வேண்டும்?

இந்தியப் பத்திரிகை வாசித்துவிட்டு இங்கே எழுதுகிறவர்கள் ஒரு பிழை விடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே குடியரசுத் தலைவரோ ஆளுநரோ ஒப்புதல் கொடுத்தால்தான் மசோதா சட்டமாகும். இங்கே சாதாரணச் சட்டமூலத்துக்கு ஜனாதிபதியின் கையெழுத்துத் தேவையில்லை, சபாநாயகரின் சான்றுரை போதும். பொதுசன வாக்கெடுப்புக்குப் போய் வருகிற சட்டமூலத்தைத்தான் ஜனாதிபதி அத்தாட்சிப்படுத்த வேண்டும். "ஜனாதிபதி ஒப்பமிட்டதும் சட்டமானது" என்று எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போடுவேன், பேரப்பிள்ளை என்றாலும் சரி.

உதைபந்து விசயம் எனக்குத் தெரியாது. அதை இங்கிலீஷ் ரீச்சர் யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

முள்ளியவளை ரீச்சர்:

வந்துவிட்டேன் ஐயா. நீங்கள் எனாக்டைத் தூக்கி வைத்ததால் எனக்கு வேலை பாதி குறைந்தது.

தம்பி வாய்க்கால்கரை, இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: எனாக்ட் தனியாக நிற்காது, அதற்கு ஒரு பொருள் வேண்டும். எதை எனாக்ட் பண்ணினார்கள்? ஒரு சட்டத்தை, ஒரு சட்டமூலத்தை. லெஜிஸ்லேட் பெரும்பாலும் தனியாகவே நிற்கும், ஏனென்றால் சட்டம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. "தே லெஜிஸ்லேட்டட் எ லோ" என்று பிள்ளை எழுதினால் நான் வெட்டுவேன். அது "சட்டமியற்றலை இயற்றினார்கள்" மாதிரி. பாராளுமன்றத்தின் வேலை என்ன என்று கேட்டால் லெஜிஸ்லேட் பண்ணுவது. நேற்று என்ன செய்தது என்று கேட்டால் இன்ன சட்டத்தை எனாக்ட் பண்ணியது. மீன்பிடிக்கிற தொழிலுக்கும் நேற்று வலையில் பட்ட அறுக்குளாவுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

தனியாக நிற்கிற சொல் என்பதால் அது பக்கத்தில் ஒரு சின்னச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நடக்கும், உங்கள் பொடியன் தடக்குப்பட்டது அதில்தான். லெஜிஸ்லேட் அகெய்ன்ஸ்ட் என்றால் ஒன்றைத் தடுத்துச் சட்டம் போடுவது. லெஜிஸ்லேட் ஒன் என்றால் ஒரு விடயம் பற்றிச் சட்டம் செய்வது. "மாகாண சபை எந்தெந்த விடயங்களில் சட்டம் செய்யலாம்" என்று 13ஆவது திருத்தம் பற்றி வருகிற கட்டுரைகளில் எல்லாம் இது இருக்கும். லெஜிஸ்லேட் ஃபோர் கொஞ்சம் கள்ளச் சொல், அதற்கு இரண்டு முகம். ஒரு இடத்துக்கோ சனத்துக்கோ சட்டம் செய்கிற அதிகாரம் ஒரு முகம். 1833இல் கொழும்பில் வைத்த சட்டநிரூபண சபை, அதாவது லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில், முழு இலங்கைக்கும் சட்டம் செய்தது என்பது அந்த ஃபோர். மற்றது, இப்படி ஒன்று நடந்தால் இன்னது செய்வது என்று முன்கூட்டியே சட்டத்தில் இடம் வைப்பது. வெள்ளம் வந்தால், ஆள் காணாமல் போனால், அரச காணிப் பெர்மிட்காரர் தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளி போடாமல் செத்தால், இப்படி.

இந்த இரண்டாவது முகத்துக்கு எங்கள் சட்டத் தமிழில் அருமையான சொல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: ஏற்பாடு. "சட்டத்தின் ஏற்பாடுகள்" என்று கந்தோர்க் கடிதத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த ஏற்பாடு ஆங்கிலத்தில் ப்ரொவிஷன். கல்யாண வீட்டுக்கு நாங்கள் செய்கிற ஏற்பாடும் அதே சொல்தான். ஆகவே வர்ணனையாளர் சொன்னதை நான் "அதற்கெல்லாம் முன்கூட்டி ஏற்பாடு பண்ணவா முடியும்?" என்று போடுவேன். பந்து குத்தி எழும்புகிற மேட்டுக்கு எந்தப் பயிற்சியாளரும் திட்டம் போட முடியாது, கீப்பரில் பிழை சொல்லாதே, இதுதான் கருத்து. இங்கிலாந்துக்காரர்தான் இதைக் கூடுதலாகச் சொல்வார்கள். அநேகமாக எதிர்மறையில்தான் வரும், காண்ட் இல்லாமல் உதைபந்து வர்ணனையில் நான் கேட்டதில்லை.

இன்னொரு மாதிரியும் வரும்: "யூ காண்ட் லெஜிஸ்லேட் மொராலிட்டி". இங்கே ஃபோர் இல்லை, நேரே பொருள் வந்துவிட்டது. ஒழுக்கத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவர முடியாது என்று கருத்து. முதலில் சொன்ன விதிக்கு இது விலக்கு. ஒன்றைச் சட்டத்தால் உண்டாக்குவது, சட்டத்தால் இல்லாமல் ஆக்குவது என்றால் மட்டும் லெஜிஸ்லேட் பொருளை ஏற்கும். பிள்ளைகளுக்கு இதை ஏ.எல். வரும்வரை சொல்லிக் குழப்பாதீர்கள்.

எனாக்டுக்கு ஒரு வால் இருக்கிறது, அதை விட்டால் எனக்கு நித்திரை வராது. எனாக்ட் என்றால் நடித்துக் காட்டுவதும்தான். எங்கள் ஊரில் கோவலன் கூத்து ஆடுகிறார்களே, பாண்டியன் சபையில் கண்ணகி சிலம்பை உடைக்கிற கட்டத்தை ஆடுவதற்கும் ஆங்கிலத்தில் எனாக்ட் போடலாம், பாராளுமன்றத்தில் சட்டமாக்குவதற்கும் அதே எனாக்ட். இரண்டிலும் எழுத்தில் கிடந்த ஒன்றை எழுப்பிச் செயலாக்குகிறார்கள். தமிழிலும் இதற்குக் கிட்டவாக ஒன்று உண்டு, பாட்டையும் இயற்றுகிறோம், சட்டத்தையும் இயற்றுகிறோம். பாட்டு இயற்றுகிறவன் தாளம் பிழைத்தால் அண்ணாவியார் கூத்துக்களரியிலேயே காதைப் பிடிப்பார். மற்றவர்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை.

சும்மா ஒருவன்:

சரி ரீச்சர், அகராதியை மூடிவிட்டேன். ஒரு கேள்வி, லெஜிஸ்லேட் எங்கிருந்து வந்த சொல்?

முள்ளியவளை ரீச்சர்:

இலத்தீன். ஆனால் நேராக வரவில்லை, பின்பக்கத்தால் வந்தது. முதலில் ஆங்கிலத்துக்கு வந்தது லெஜிஸ்லேட்டர், சட்டம் செய்கிற ஆள். அதற்கு நூறு வருசத்துக்கும் மேல் கழித்துத்தான் ஆளின் வாலை வெட்டி வினைச்சொல் ஆக்கினார்கள். இலத்தீனில் அந்த ஆளுக்குக் கருத்து, சட்டத்தைக் கொண்டுவருகிறவர். முதல் பாதி சட்டம், பின் பாதி கொண்டுவருவது, சுமப்பது. நாங்கள் சந்தியில் நின்று "புதுசா ஒரு சட்டம் கொண்டு வாறாங்களாம்" என்று கதைக்கிறோமே, ரோமாபுரிக்காரரும் அப்படித்தான் கதைத்திருக்கிறார்கள்.

கட்டுக்கரை:

நான் கமக்காரன், இரணைமடுத் தண்ணீரில் விதைக்கிறவன். இங்கிலீஷ் பெரிதாகத் தெரியாது, மகள் வாசித்துக் காட்டினதால் எழுதுகிறேன். எனக்கு ஒரு சந்தேகம். சிறுபோகத்துக்கு முன் அரசாங்க அதிபர் தலைமையில் கூட்டம் வைப்போம். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு பங்கு, எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது, விதைப்புக்குக் கடைசி நாள் எது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது எல்லாம் அங்கேதான் முடிவு. சண்டை பிடிப்போம், ஒருவர் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போவார், பிறகு தேத்தண்ணி குடிக்க வருவார். ஆனால் கையுயர்த்தி முடிவெடுத்தால் எல்லாரையும் கட்டும், கூட்டத்துக்கு வராதவனையும் கட்டும். மீறி விதைத்தால் வழக்கு. அப்போ நாங்கள் அங்கே லெஜிஸ்லேட் பண்ணுகிறோமா இல்லையா?

மற்றது, ரீச்சர் சொன்ன அந்தக் காண்ட் லெஜிஸ்லேட் எனக்கு நன்றாக விளங்குகிறது. கூட்டத்தில் எல்லாம் ஒழுங்காக முடிவெடுத்து, கட்டாக்காலி மாட்டுக்குத் தண்டமும் சொல்லி, வேலியும் அடைத்து, கதிர் முற்றி, அறுவடைக்கு ஐந்து நாள் இருக்க இரவு யானை வந்து நின்றது. இரண்டு ஏக்கர். மெசின்காரருக்கு அட்வான்சும் கொடுத்தாயிற்று. யானை கூட்டத்துக்கு வரவில்லை, கையும் உயர்த்தவில்லை.

பழைய கந்தோர்:

கட்டுக்கரைத் தம்பி, உம்முடைய கேள்வி சட்டக் கல்லூரியில் கேட்கிற கேள்வி. பதில், இல்லை. ஆனால் கிட்டத்தட்ட.

அந்தக் கூட்டத்தின் முடிவுக்குக் கட்டுகிற பலம் எங்கிருந்து வருகிறது? நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் என்று 1946இல் ஒன்று வந்தது, அதுதான் கூட்டத்தை எப்படிக் கூட்டுவது, பெரும்பான்மை என்ன முடிவெடுக்கலாம், மீறினால் என்ன தண்டனை என்று சொல்கிறது. நீங்கள் அந்தச் சட்டம் தந்த இடத்துக்குள் நின்று முடிவெடுக்கிறீர்கள். ஆங்கிலக்காரன் இதற்கு லெஜிஸ்லேட் சொல்ல மாட்டான், டிசைட் என்பான், ரிசோல்வ் என்பான். பிரதேச சபை செய்கிற உபவிதியும் அப்படி, அமைச்சர் செய்து வர்த்தமானியில் போடுகிற ஒழுங்குவிதியும் அப்படி. அவற்றைப் பொதுவாகக் கீழ்நிலைச் சட்டவாக்கம் என்பார்கள். பெயரில் சட்டவாக்கம் இருக்கும், ஆனால் அந்த அதிகாரம் இரவல். பாராளுமன்றம் தன் சட்டமாக்கும் அதிகாரத்தைக் கைவிடவோ வேறு ஆளுக்குக் கொடுத்துவிடவோ கூடாது என்று அரசியலமைப்பில் 76ஆவது உறுப்புரை சொல்கிறது. இரவல் கொடுக்கலாம், காணி உறுதி மாதிரி எழுதிக் கொடுக்க முடியாது என்று வைத்துக்கொள்ளும்.

மாகாண சபை நடுவில் நிற்கிறது. அது செய்வதற்கு நியதிச்சட்டம் என்று பெயர், ஆளுநர் சம்மதம் வேண்டும். வடமாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது 2013இல், 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அந்த ஐந்து வருசம் கைதடியில் இருந்து செய்ததை லெஜிஸ்லேட் என்று தாராளமாகச் சொல்லலாம், ஆனால் வெளியே வந்ததை அக்ட் என்று எழுதக் கூடாது, ஸ்டாற்றியூட்.

பெயர்களையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள், பெர்மிட் காணி வைத்திருக்கிற ஆட்கள் இங்கே நிறைய. 1833இல் சட்டநிரூபண சபை வந்ததில் இருந்து சுதந்திரம் வரும்வரை செய்ததெல்லாம் கட்டளைச்சட்டம், அதாவது ஓர்டினன்ஸ். அதனால்தான் உங்கள் பெர்மிட்டில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் என்று இருக்கிறது. பிறகு வந்தவை அக்ட். 1972க்கும் 1978க்கும் இடையில் தேசிய அரசுப் பேரவை இருந்த காலத்தில் மட்டும் லோ என்று பெயர் போட்டார்கள். தமிழில் அக்டும் சட்டம், லோவும் சட்டம். மொழிபெயர்க்கிறவன் இலக்கத்தையும் வருசத்தையும் பார்த்துத்தான் தப்ப வேண்டும். பெயர் பழையது என்பதற்காகச் சட்டம் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அந்தக் காணிச் சட்டத்தை 2022இலும் திருத்தினார்கள், ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுத்த வாரிசு ஒழுங்கை மாற்றினார்கள். திருத்தினால் அமென்ட், முழுதாக நீக்கினால் றிப்பீல். திருத்தச் சட்டமும் ஒரு சட்டம்தான், அதையும் எனாக்ட்தான் பண்ணுவார்கள்.

யானைக்கு என்னிடம் பதில் இல்லை.

ஒட்டுசுட்டான் ரோட்:

ஐயா, குறுக்கே வருகிறேன். நான் சட்டம் படிக்கிறேன், இரண்டாம் வருசம். சட்டம் என்றாலே யாரோ லெஜிஸ்லேட் பண்ணியது என்ற மாதிரி இந்தத் திரி போகிறது. எங்கள் தேசவழமையை, அதுதான் யாழ்ப்பாணத் தமிழருடைய வழமைச் சட்டத்தை, யார் லெஜிஸ்லேட் பண்ணியது? ஒருவரும் இல்லையே. அது ஆட்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை. 1706இல் ஒல்லாந்தருடைய திசாவை, அதாவது மாவட்ட அதிகாரி, கிளாஸ் ஐசாக்ஸ் அதைக் கேட்டு எழுதினார், தமிழில் பெயர்த்து பன்னிரண்டு முதலிமாருக்குக் காட்டிச் சரி பார்த்தார்கள். அவர் இயற்றவில்லை, தொகுத்தார். ஆங்கிலத்தில் அதற்குக் கோடிஃபை என்று வேறு சொல். 1806இல் வெள்ளைக்காரன் ஒரு ஒழுங்குவிதி போட்டு அதற்குச் சட்ட பலம் கொடுத்தான். அங்கேகூட உள்ளே இருக்கிற விசயத்தை அவன் ஆக்கவில்லை. ஆனால் 1911இல் கணவன் மனைவி சொத்து, மரபுரிமைப் பகுதியில் கட்டளைச்சட்டம் ஒன்று கொண்டுவந்து மாற்றினார்களே, அதுதான் அசல் லெஜிஸ்லேட். வழமை இருந்த இடத்தில் சபை கை வைத்தது. நீதிபதி தீர்ப்பில் புதிதாக ஒன்றைச் சொல்லிவிட்டால் "நீதிமன்றம் லெஜிஸ்லேட் பண்ணுகிறது" என்று சட்டத்தரணிகள் குறை சொல்வதும் இதே கருத்தில்தான். உங்கள் வேலை இருக்கிறதைச் சொல்வது, இல்லாததை ஆக்குவது இல்லை என்று.

பழைய கந்தோர்:

நல்லாய்ச் சொன்னீர் தம்பி. நான் கந்தோர்க்காரன், இலக்கம் இல்லாத சட்டம் எனக்குக் கண்ணில் படாது.

வவுனியா மேகம்:

எனக்கு ஒரு மறுப்பு. சட்டவாக்கம், சட்டவாக்கம் என்று எழுதினால் வாசிக்கிறவன் ஓடிவிடுவான். "பாராளுமன்றம் சட்டவாக்கம் செய்தது" என்று எந்த மனிசன் கதைக்கிறான்? சட்டம் போட்டது, சட்டம் கொண்டுவந்தது என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

முள்ளியவளை ரீச்சர்:

குறையாது. பெயர்ச்சொல்லாகச் சட்டவாக்கம் நல்லது, சட்டவாக்க அதிகாரம், சட்டவாக்கத்துறை என்று வரும்போது வேறு சொல் பொருந்தாது. வினையாகப் போடும்போது எனக்கும் அது கல்லுக் கடிக்கிற மாதிரித்தான். உபயோகத்தைப் பார்த்துப் போடுங்கள். செய்திக்குச் சட்டம் கொண்டுவந்தது, பாடக் கொப்பிக்குச் சட்டம் இயற்றியது, சட்டப் பிரதிக்குச் சட்டமாக்கியது. சட்டம் போட்டது என்பதில் கொஞ்சம் கோபம் இருக்கிறது, அறிக்கையில் அந்தக் கோபம் தேவை என்றால் போடலாம். "சட்டம் கதைக்கிறான்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது வேறு ஆள்.

வாய்க்கால்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இருந்து திரும்ப எழுதினேன்: "இவ்விடயம் குறித்துப் பாராளுமன்றம் சட்டம் இயற்ற முன்வந்து, சட்டமூலத்தை நிறைவேற்றிச் சட்டமாக்கியது. எனினும் அச்சட்டம் இன்னும் நடைமுறைப்படுத்தப்படவில்லை." செயலாளர் அக்காவுக்கு அனுப்பினேன். "இப்ப விளங்குது, ஆனா அந்த ஐயா முதலாவதைத்தான் எல்லாருக்கும் சொல்லித் திரியிறார்" என்று பதில் போட்டிருக்கிறார்.

பொடியனுக்கும் ஏற்பாடு கதையைச் சொன்னேன், யானையையும் சேர்த்துச் சொன்னேன். கொப்பியில் "லெஜிஸ்லேட் ஃபோர்: முன்கூட்டி ஏற்பாடு செய், யானை தவிர" என்று எழுதி வைத்திருக்கிறான். அழிக்கச் சொல்லவில்லை.

பழைய கந்தோர்:

வசனம் சரி தம்பி. ஆனால் "நிறைவேற்றிச் சட்டமாக்கியது" என்று இரண்டையும் பாராளுமன்றத்தின் தலையில் கட்டிவிட்டீர். நிறைவேற்றியது பாராளுமன்றம், சான்றுரைத்தது சபாநாயகர். அது என்ன சட்டம், எத்தனையாம் இலக்கம் என்று அறிக்கையில் இருந்தால் இங்கே போடும், எந்தத் திகதியில் அமுலுக்கு வந்தது என்று பார்ப்போம். அமுலுக்கே வராத சட்டத்தை நடைமுறைப்படுத்தவில்லை என்று சங்கம் கடிதம் எழுதினால் கந்தோரில் சிரிப்பார்கள்.